சிதறலும் நொறுங்கலும்: ஆங்கில வினைகள் சில

ஆங்கிலத்தில் 'ஸ்கேட்டர்', 'ஷேட்டர்' என இரு வினைகள் உள. இன்று முன்னது சிதறுதலையும் பின்னது நொறுங்குதலையும் குறிக்கும். எனினும் இவை ஒரு சொல்லின் இரு வடிவங்களே எனக் கருதுவர் மொழிநூலார். வட இங்கிலாந்தில் ஸ்காண்டிநேவிய மொழித் தொடர்பால் 'ஸ்க' ஒலி நிலைபெற்றது. பிற இடங்களில் அது 'ஷ' ஆயிற்று. 'ஸ்கர்ட்', 'ஷர்ட்' என்பனவும் இத்தகைய இணையே.

மில்டன் 1637இல் இயற்றிய 'லிசிடஸ்' என்னும் இரங்கற்பாவில், பருவம் முதிருமுன் இலைகளை உதிர்த்தற்கு 'ஷேட்டர்' என்றே எழுதுகின்றார். ஈண்டு 'நொறுக்கி' எனப் பெயர்த்தல் பெரும்பிழையாம். பசிய இலை நொறுங்குமோ? கதிரினின்று மணி உதிர்தலை ஆங்கில வேளாண் நூல்கள் இன்றும் இச்சொல்லாலேயே சுட்டுகின்றன. பழம்பொருள் கழனியில் பிழைத்திருக்கின்றது!

இலத்தீன் வழிவந்த 'டிஸ்பெர்ஸ்' வேறு இயல்பினது. கலைந்த கூட்டத்தார் தத்தம் வழியே செல்வர், இல்லாது ஒழியார். 'டிசிபேட்' என்பதிலோ பொருளே தேய்ந்து மறையும். மூதாதையர் ஈட்டிய செல்வத்தை ஊதாரி அழித்தற்கு இதுவே ஏற்ற வினை. 'டிஸின்டக்ரேட்' உட்கட்டுக் குலைதலைச் சொல்லும்; அதற்குப் புறத்தடி வேண்டா.

இயற்பியலார் இவ்வேறுபாடுகளுட் சிலவற்றைக் கண்டிப்பாகப் போற்றுவர். முப்பட்டகம் வெண்ணொளியை நிறங்களாகப் பகுத்தல் 'டிஸ்பெர்ஷன்'. வானம் நீலமாய்த் தோன்றக் காரணமாவதும், 1928இல் இராமன் ஆராய்ந்து கண்டதும் 'ஸ்கேட்டரிங்'. நம் பாடநூல்கள் முன்னதை நிறப்பிரிகை என்றும் பின்னதைச் சிதறல் என்றும் பிரித்து வழங்குதல் செம்மையே. அகராதிகளோ பலவற்றிற்கும் 'சிதறு' என்றே பொருள் தந்து அமைகின்றன. மொழிபெயர்ப்போர் இடர்ப்படுவது அங்கேதான்.