பால் நிற மயக்க ஊசி! பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் உயிருக்கு உலை!

விருத்தாசலம்,-

"ஒரே ஒரு ஊசிதான் சார். போட்டதுதான் தெரியும், தூங்கிட்டேன்!"

ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். பீங்கான் தொழிலாளி ஆனாலும் சரி, கடை முதலாளி ஆனாலும் சரி. உள்ளூரில் படுத்தாலும் சரி, புதுச்சேரி ஜிப்மருக்கு பஸ் ஏறினாலும் சரி.

ஆனால் முழு மயக்கத்துக்கு பெரும்பாலும் ஒரு மருந்து போதாது. கையில் குத்திய ஒரே குழாயில் மூன்று, நான்கு மருந்து இறங்கும்! (முதுகில் போடும் ஊசி வேறு கதை.)

முதலில் மிடாசோலம். பயம் போகும். அடுத்து பென்டனில். வலி அடங்கும். பிறகு பால் மாதிரி வெள்ளையாக புரோபோபால். ஒரு நிமிடத்துக்குள் ஆள் தூங்கிவிடுவார்.

ஏன் கலப்பு?

ஒரே மருந்தை அதிகமாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் போதும்.

ஆபத்தும் அதில்தான். ஒன்றுக்கு மற்றது பலம் கூட்டும். இரண்டும் இரண்டும் நாலு ஆகாது, ஆறாகிவிடும்! மூச்சே நின்றுபோகலாம். அதனால்தான் மயக்க டாக்டர் தலைமாட்டில் நின்று, பிராணவாயு கொடுத்து, கருவியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மைக்கேல் ஜாக்சன் சாவு

2009 ஜூன் 25. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாடகர் மைக்கேல் ஜாக்சன் தூக்கம் வராமல் தவித்தார். டாக்டர் கான்ராட் முர்ரே லோராசெபாம், மிடாசோலம் கொடுத்தார். கடைசியில் புரோபோபாலும் ஏற்றினார். ஆபரேஷன் அறையில் அல்ல, வீட்டுப் படுக்கையில்!

முர்ரே இதய டாக்டர். மயக்க டாக்டர் அல்ல. தேவையான கண்காணிப்புக் கருவிகள் அங்கே இல்லை. நோயாளியை விட்டு வெளியேயும் போனார். திரும்பி வந்தபோது ஜாக்சனுக்கு மூச்சு இல்லை. 2011-ல் முர்ரேக்கு 4 ஆண்டு சிறை.

கேளுங்கள், சொல்லுங்கள்

"மயக்க டாக்டர் யாருங்க? முடியிற வரைக்கும் கூட இருப்பாரா?" என்று ஆபரேஷனுக்கு முன்பே தாராளமாகக் கேட்கலாம். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

தூக்க மாத்திரை, குடிப் பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான்.

விடியற்காலையில் ரகசியமாக டீ அடித்துவிட்டு "வெறும் வயிறுதான்" என்று சாதிக்கிறவர்களும் உண்டு. பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், 6 மணி நேரம் ஆக வேண்டும். மயக்கத்தில் வாந்தி வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும்!