தெருமுனை தாண்டட்டும் சைக்கிள்



ஊக்குநர், பிரதிநிதி பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று நம் குழுக்களில் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் மாற்றும் நாள் வரும்போது என்ன நடக்கிறது? "எனக்கு வேண்டாங்க, பேங்க் எட்டு கிலோமீட்டர் இருக்கு. யாரு கூட்டிட்டுப் போவாங்க?" என்ற பதில்தான் முதலில் வருகிறது. கணக்கு தெரியாது என்று சொல்பவர்களை விட, போய்வர வழியில்லை என்று சொல்பவர்களைத்தான் நாங்கள் கிராமங்களில் அதிகம் பார்க்கிறோம். அதனால் அதே இரண்டு பேர் பல வருடம் பொறுப்பில் இருக்கிறார்கள். வங்கிக்குப் போவதும் அவர்களே, மேனேஜரிடம் பேசுவதும் அவர்களே. மற்ற உறுப்பினர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. நம் சேமிப்புப் பணத்துக்கு இது நல்லதல்ல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிச் சொல்பவர்களில் பலருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். சின்ன வயதில் அண்ணன் வண்டியில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள்தான். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளும் திண்ணை ஓரம் நிற்கிறது. ரேஷன் கடை வரை, வயல் வரை ஓட்டுகிறார்கள். தார் ரோட்டில் ஏறி அடுத்த ஊருக்குப் போகச் சொன்னால் மட்டும் கை நடுங்குகிறது. எனவே ஓட்டக் கற்றுக்கொள்வது பற்றி இங்கே எழுதவில்லை. ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்கள் தூரம் போவது எப்படி என்றுதான் எழுதுகிறோம்.

"பஸ்ஸே இலவசமா வந்துருச்சே, இன்னும் சைக்கிள் எதுக்கு?" என்று கேட்பீர்கள். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021ல் வந்தது பெரிய உதவிதான். ஆனால் அந்த பஸ் நம் ஊருக்குள் வர வேண்டும், நமக்கு வேண்டிய நேரத்துக்கும் வர வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பஸ் வருகிற ஊர்களில், அரை மணி நேர வங்கி வேலைக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஸ்கூட்டர் இருக்கிற வீட்டிலும் அது பெரும்பாலும் காலையிலேயே ஆண்களோடு கிளம்பிவிடுகிறது.

புதுக்கோட்டையில் நடந்தது

1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்போடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், பால்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் அந்தப் பெண்களிடம் பேசி விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியதில் நமக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்ததால் பல பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பிறகு அதுவே வசதி என்றும் சொன்னார்கள், முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! ஆகவே வீட்டில் பார் வைத்த வண்டிதான் இருக்கிறது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

அங்கே பயம் போனதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம், ஒருத்தி மட்டும் போகவில்லை, கூட்டமாகப் போனார்கள் என்பதுதான். தனியாகப் போகிறவளை டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், "எங்கம்மா சவாரி?" என்பார்கள். தினமும் பத்துப் பேர் போனால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? நம் உறுப்பினர்களிடம் பேசும்போதும் பாதிப் பயம் லாரியைப் பற்றியது, மீதிப் பயம் இந்தப் பார்வையைப் பற்றியது. மாமியாரிடம் என்ன சொல்வது என்பதும் அதில் அடக்கம்.

முதலில் வண்டியைச் சரிசெய்யுங்கள்

பழகும்போது இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்போம். தெருவுக்கு அது போதும். ஐந்து கிலோமீட்டர் அப்படி மிதித்தால் முழங்கால் வலி வந்துவிடும். "சைக்கிள் எனக்கு ஒத்துக்கலை" என்று பலரும் விட்டுவிடுவது இதனால்தான். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்போம், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், பயம் வரும். வாரம் அரை அங்குலம் ஏற்றினால் போதும். உயரமான சீட்டிலிருந்து நிறுத்தும்போது, பிரேக் பிடித்து, சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். இதை வீட்டு வாசலிலேயே பத்து இருபது தடவை செய்து பாருங்கள்.

டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். காற்று குறைந்த வண்டியை மிதிப்பது மணலில் மிதிப்பது போலத்தான், பாதிக் களைப்பு அதனால் வருவது. இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். செயினுக்கு எண்ணெய் வேண்டும்.

புடவை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிப் பின் குத்துங்கள். கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகுங்கள். சுடிதார் போடுபவர்கள் துப்பட்டாவை முடிச்சுப் போட வேண்டும். துப்பட்டா சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கிவிடும். செயின் கவரும் பின் சக்கரத்துக்கு வலையும் இல்லாத வண்டியில் தூரம் போகாதீர்கள். குழந்தையைக் கேரியரில் உட்கார வைத்தால் போக்ஸ் கம்பிக்குள் கால் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதற்கும் இந்த வலைதான் காவல்.

தூரத்தைக் கூட்டுவது

நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு நாலு அல்லது ஐந்து கிலோமீட்டர். நிதானமாகச் சைக்கிள் மிதித்தால் பத்து கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டரில் இருக்கும் வங்கிக்கு, நடுவில் ஒரு மரத்தடியில் நின்று போனாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் திரும்பவும் அதே தூரம் வர வேண்டும். முதல்முறை போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். போகும்போது உற்சாகத்தில் வேகமாக மிதித்துவிட்டு, திரும்பும்போது கண்ணீர் விடுகிறார்கள்.

கிலோமீட்டரை எண்ண வேண்டாம், அடையாளத்தை எண்ணுங்கள். முதல் வாரம் ஊர்க்கோயில் தாண்டி வாய்க்கால் பாலம் வரை. இரண்டு மூன்று நாள் போய்வந்து, மறுநாள் உடம்பு அசதியாக இல்லை என்றால், அடுத்த வாரம் செங்கல் சூளை வரை. பிறகு பக்கத்து ஊர் பஸ் ஸ்டாப். இப்படி ஒன்றரை, இரண்டு மாதத்தில் வங்கி வாசலுக்கு வந்துவிடலாம். முதல் தடவை வங்கிக்குப் போகும்போது வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். விடுமுறை நாளில் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பணமும் பாஸ்புக்கும் பையில் இருந்தால் அந்தப் பதற்றமும் சேர்ந்துகொள்ளும்.

பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சுக்கு மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள், அதில் என்ன கௌரவக் குறைச்சல்? இரண்டு மூன்று பேராகப் போகும்போது வரிசையாகப் போங்கள், ஜோடியாகப் போக வேண்டாம். மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். வேகமாக ஓட்டுபவர் முன்னால் போனால் பின்னால் வருபவர் மனசு விட்டுவிடுவார்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆடியில் மேல்காற்று வீசும், வெயில் ஏற ஏற அது பலக்கும். வங்கி உங்கள் ஊருக்கு மேற்கே இருந்தால் யோகம்தான். காலையில் காற்று குறைவாக இருக்கும்போது போய்விட்டு, வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். கிழக்கே இருந்தால் திரும்பும்போது எதிர்க்காற்று. அந்த மாதம் சீக்கிரம் கிளம்பிச் சீக்கிரம் திரும்புங்கள், அல்லது கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கூடை, மூட்டை எல்லாம் தூரம் பழகிய பிறகுதான். முதலில் ஐந்து கிலோ, பிறகு பத்து கிலோ. கேரியரில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஹேண்டில் பாரில் பை தொங்கவிட்டால் அது ஆடி முன்சக்கரத்தில் மாட்டும்.

ரோட்டில்

இடது ஓரமாகப் போங்கள், ஆனால் தாரின் விளிம்பில் போகாதீர்கள். தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் நாலு விரல் பள்ளம் இருக்கும். பின்னால் லாரி ஹார்ன் அடித்ததும் பதறி மண்ணில் இறங்கி, அது போனதும் சாய்வாக மறுபடி ஏறும்போதுதான் பலர் விழுகிறார்கள். விளிம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி நேராக ஓட்டினால் லாரிக்காரர் ஒதுங்கிப் போவார். மண்ணில் இறங்கிவிட்டால் நின்று, வண்டியைத் தூக்கித் தாரில் வைத்துப் பிறகு ஏறுங்கள். வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் ஹேண்டிலும் வலது பக்கம் போகும், இது எல்லோருக்கும் உள்ளதுதான். பள்ளி மைதானத்தில் கோடு போட்டு, கோடு விலகாமல் திரும்பிப் பார்த்துப் பழகுங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லும் கேழ்வரகும் வழுக்கும், அங்கே இறங்கித் தள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி நில்லுங்கள். இருட்டுவதற்குள் வீடு வந்துவிடும்படி கிளம்புவது நல்லது.

உடம்பு பற்றிச் சில கேள்விகள்

கூட்டங்களில் மெதுவான குரலில் கேட்கப்படும் கேள்வி, "கர்ப்பப்பை இறங்கிடுமாங்க?" என்பது. அடுத்தடுத்த பிரசவங்கள், பிரசவம் முடிந்த கையோடு கனமான வேலை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இவைதான் கர்ப்பப்பை இறக்கத்துக்குக் காரணங்கள். நிதானமாகச் சைக்கிள் ஓட்டுவதால் அது வருவதில்லை. ஏற்கெனவே இறக்கம் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ஆபரேஷன் ஆனவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு ஓட்டுங்கள். மாதவிலக்கு நாட்களில் ஓட்டத் தடை ஏதுமில்லை, உங்களுக்கு முடிந்தால் ஓட்டலாம்.

முதல் இரண்டு வாரம் உட்காரும் இடம் வலிக்கும், பிறகு போய்விடும். மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். போகிற வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெயிலில் அது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். வழியில் உள்ள குழு உறுப்பினர் வீடுகளை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமைப்பு இருப்பது இதற்கும்தானே!

பஞ்சர் பயத்துக்கும் வழி இருக்கிறது. சைக்கிள் கடைகள் குறைந்துபோன காலம் இது. குழுவில் இரண்டு பேர் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். டயரைக் கழற்றி, டியூபில் காற்றடித்து, தண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிச் சிறிது நேரம் காயவிட்டு ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் நிற்காது. டியூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கம் துணியால் தடவி, குத்திய முள் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக உள்கடன் விஷயம். ஆடு, மாடு என்றால் உடனே கடன் தருகிற குழுக்கள், சைக்கிள் என்றால் "அது வருமானம் தராதே" என்று யோசிக்கின்றன. வங்கிக்கும் சந்தைக்கும் போய்வர வாங்கும் வண்டியைத் தொழில் கடனாகவே எழுதலாம் என்பது எங்கள் கருத்து. பழைய வண்டி வாங்கிப் பழுது பார்க்கவும் சிறு கடன் கொடுக்கலாம். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் சாமானும் குழுப் பொதுப் பணத்தில் ஒரு செட் வாங்கி, ஊக்குநர் வீட்டில் வைத்து, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்குச் சைக்கிள் உள்ளவர்கள் அதிலேயே வாருங்கள். சீட்டு உயரத்தை அங்கேயே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளலாம்.