பத்தாம் வகுப்பில் 99.70%, பிளஸ் டூவில் 77.81%: கேரளத்தில் பாடத் தொகுப்பைத் தேர்வு செய்யும் முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரளத்தில் 2023-ஆம் ஆண்டு எஸ்எஸ்எல்சி தேர்வு எழுதியவர்களில் 99.70 சதவீதம் பேர் உயர்கல்விக்குத் தகுதி பெற்றனர். அந்த மாணவர்களில் பெரும்பாலோர் 2025-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வை எழுதியபோது தேர்ச்சி விகிதம் 77.81 சதவீதமாகக் குறைந்தது. தேர்வு எழுதிய 3,70,642 மாணவர்களில் 2,88,394 பேரே முதல் முயற்சியில் தகுதி பெற்றனர். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பின்தங்கியது ஏன் என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, தேர்ச்சி விதிகளில் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. மற்றொரு பகுதி, பிளஸ் ஒன் சேர்க்கையின்போது மாணவர்கள் தேர்வு செய்யும் பாடத் தொகுப்பில் இருக்கிறது.

பத்மநாபசுவாமி கோயில் அமைந்துள்ள கோட்டைப் பகுதியை ஒட்டிய ஸ்ரீவராகம், மணக்காடு, சாலைக் கடைவீதி ஆகிய இடங்களில் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விதிகள் கூடுதல் முக்கியத்துவம் உடையவை. பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தில் பயில, உறவினர்கள் தமிழ்நாட்டு நடைமுறைகளின் அடிப்படையில் ஆலோசனை கூறுவது வழக்கம். ஆனால் இரு மாநிலங்களின் மேல்நிலைக் கல்வி விதிகளும் பல இடங்களில் வேறுபடுகின்றன.

பத்தாம் வகுப்பு விதியும் பிளஸ் டூ விதியும்

எஸ்எஸ்எல்சி தேர்வில் 100 மதிப்பெண் கொண்ட பாடத்தில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும், 20 மதிப்பெண் பள்ளியிலேயே வழங்கப்படும் தொடர் மதிப்பீட்டுக்கும் உரியவை. இரண்டையும் கூட்டி 30 மதிப்பெண் பெற்றால் டி பிளஸ் தரம் கிடைக்கும். அதுவே தேர்ச்சிக்கான தரம். தொடர் மதிப்பீட்டில் முழுமையாக 20 மதிப்பெண் பெற்ற மாணவர், எழுத்துத் தேர்வில் 10 மதிப்பெண் பெற்றாலே தேர்ச்சி அடைய முடியும். இந்த நிலையை மாற்றும் நோக்கில், எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தபட்சம் 30 சதவீதம் பெற வேண்டும் என்ற விதியை 2024-25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைப்படுத்தவும், 2026-27-இல் பத்தாம் வகுப்புக்கு விரிவுபடுத்தவும் மாநில அரசு 2024-இல் முடிவு செய்தது.

மேல்நிலை வகுப்புகளில் இந்த நிபந்தனை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு பாடத்திலும் மொத்தத்தில் 30 சதவீதமும், எழுத்துத் தேர்வில் தனியாக 30 சதவீதமும் பெற்றாக வேண்டும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆகிய இரு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். ஆறு பாடங்களுக்கு மொத்தம் 1,200. செய்முறைத் தேர்வு இல்லாத பாடத்தில் ஆண்டுதோறும் எழுத்துத் தேர்வுக்கு 80, தொடர் மதிப்பீட்டுக்கு 20 என ஒதுக்கப்படுகிறது. இயற்பியல், வேதியியல் போன்ற செய்முறைப் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு ஆண்டுதோறும் 60, தொடர் மதிப்பீட்டுக்கு 20, இரண்டாம் ஆண்டில் நடைபெறும் செய்முறைத் தேர்வுக்கு 40 என மதிப்பெண் பிரிக்கப்படுகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். செய்முறை இல்லாத ஒரு பாடத்தில் இரு ஆண்டு எழுத்துத் தேர்வுகளின் மொத்த மதிப்பெண் 160. இதில் 30 சதவீதம் என்பது 48. முதல் ஆண்டில் 14, இரண்டாம் ஆண்டில் 30 என ஒரு மாணவர் 44 மதிப்பெண் பெறுகிறார் என்று கொள்வோம். தொடர் மதிப்பீட்டில் அவருக்கு முழுமையாக 40 கிடைத்திருந்தால் அவரது மொத்த மதிப்பெண் 84. அதாவது 42 சதவீதம். ஆயினும் எழுத்துத் தேர்வில் 48-ஐ எட்டாததால் அவர் அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெறாதவராகவே கருதப்படுவார். செய்முறைப் பாடங்களில் இந்த எல்லை 120-க்கு 36 ஆகும்.

பிளஸ் ஒன் ஆண்டை இலகுவாக எடுத்துக்கொள்ளலாமா?

கேரளத்தில் அதற்கு இடமில்லை. முதல் ஆண்டு பொதுத் தேர்வின் மதிப்பெண்கள் இரண்டாம் ஆண்டு மதிப்பெண்களுடன் அப்படியே கூட்டப்படுகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதல் ஆண்டில் பெற்ற 14 மதிப்பெண்தான் மாணவரைப் பின்னுக்கு இழுத்தது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கு 2017-18 கல்வியாண்டில் அறிமுகப்படுத்தப்பட்ட பிளஸ் ஒன் பொதுத் தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2025-26 முதல் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண்; ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் தேவை. எனவே நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ உள்ள உறவினர் "பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று கூறினால், அது கேரள மாணவருக்குப் பொருந்தாது.

முதல் ஆண்டில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு அதிகபட்சமாக மூன்று பாடங்களில் மேம்பாட்டுத் தேர்வு எழுத வாய்ப்பு அளிக்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் தகுதி பெறாதவர்கள், ஓர் ஆண்டை இழக்காமல் இருப்பதற்காக நடத்தப்படும் 'சேவ் எ இயர்' துணைத் தேர்வை எழுதலாம். தேர்ச்சி பெற்றவர்களும் ஒரு பாடத்தில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள அத்தேர்வைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

பிரிவு ஒன்று, தொகுப்புகள் பல

அறிவியல், மனிதவியல், வணிகவியல் என மூன்று பிரிவுகளே பொதுவாகப் பேசப்படுகின்றன. ஆனால் விண்ணப்பத்தில் மாணவர் தேர்வு செய்வது பிரிவை மட்டுமல்ல. நான்கு முதன்மைப் பாடங்கள் அடங்கிய ஒரு தொகுப்பை. அறிவியலில் 9, மனிதவியலில் 32, வணிகவியலில் 4 என மொத்தம் 45 தொகுப்புகள் உள்ளன. இவற்றுடன் ஆங்கிலமும் ஓர் இரண்டாம் மொழியும் சேர்ந்து ஆறு பாடங்கள் ஆகின்றன.

ஒரே பிரிவுக்குள் இருக்கும் இரு தொகுப்புகள் முற்றிலும் வேறான உயர்கல்விக்கு இட்டுச் செல்லக்கூடும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவை அடங்கிய தொகுப்பைப் பயில்பவர் மருத்துவம், பொறியியல் ஆகிய இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் இடம்பெறும் தொகுப்பு பொறியியலுக்கு ஏற்றது. நீட் தேர்வுக்கோ உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம் கட்டாயம். உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தனியே எழுதித் தேறியவர்களையும் ஏற்க தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் முடிவு செய்திருப்பினும், அது கூடுதல் உழைப்பைக் கோரும் சுற்றுவழியே.

இயற்பியல், வேதியியல், உயிரியலுடன் உளவியல் அல்லது மனையியல் சேர்ந்த தொகுப்புகளில் கணிதம் இல்லை. இவற்றைத் தேர்வு செய்பவர்களுக்கு மருத்துவம் மற்றும் அதைச் சார்ந்த படிப்புகளுக்கான வாய்ப்பு தொடரும். கேரள நுழைவுத் தேர்வான கீம் வழியாகப் பொறியியலில் சேரும் வாய்ப்பு இருக்காது. கட்டடக் கலைப் படிப்புக்கும் கணிதம் அவசியம்.

வணிகவியலின் நான்கு தொகுப்புகளிலும் வணிக ஆய்வியல், கணக்குப் பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றும் பொதுவானவை. நான்காவது பாடம் கணிதம், புள்ளியியல், அரசியல் அறிவியல், கணினிப் பயன்பாடு ஆகியவற்றுள் ஒன்று. பி.காம். படிப்புக்கோ பட்டயக் கணக்காளர் படிப்புக்கோ இந்த வேறுபாடு தடையாகாது. ஆனால் தில்லி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பொருளியல் சிறப்புப் படிப்புக்குக் கணிதம் கட்டாயம். எளிதாக இருக்கும் என்று எண்ணிக் கணிதத்தைத் தவிர்த்தவர் இதைப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் கழித்தே அறிகிறார்.

மனிதவியல் எளிதானது என்ற கருத்தும் பரவலாக உள்ளது. 2025 பிளஸ் டூ முடிவுகள் அதற்கு மாறாக உள்ளன. அறிவியல் பிரிவில் 83.25 சதவீதம் பேரும், வணிகவியலில் 74.21 சதவீதம் பேரும், மனிதவியலில் 69.16 சதவீதம் பேரும் தகுதி பெற்றனர். அதிக மதிப்பெண் பெற்றவர்கள் அறிவியலை நாடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனினும், வரலாறு, அரசியல் அறிவியல் போன்ற பாடங்களில் ஆண்டுக்கு 80 மதிப்பெண்ணுக்கு விரிவாக விடை எழுத வேண்டும் என்பதும், கைகொடுக்கச் செய்முறைத் தேர்வு இல்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

இரண்டாம் மொழி: தமிழ் மாணவர்கள் கவனிக்க

மலையாளம், இந்தி, தமிழ், கன்னடம், அரபு, உருது, சமஸ்கிருதம் உள்ளிட்ட மொழிகளுள் ஒன்றை இரண்டாம் மொழியாகப் பயிலலாம். ஆனால் எல்லா மொழிகளும் எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழ் பயின்ற மாணவர், தமிழ் இல்லாத பள்ளியைத் தமது விருப்பப் பட்டியலில் முதலில் குறிப்பிட்டு, அங்கு இடமும் கிடைத்துவிட்டால், மலையாளத்தையோ இந்தியையோ புதிதாக மேல்நிலைத் தரத்தில் பயில நேரிடும். 1,200-இல் 200 மதிப்பெண் அந்தப் பாடத்துக்கு உரியது. அதிலும் எழுத்துத் தேர்வில் 48 மதிப்பெண் கட்டாயம்.

எனவே, எந்தப் பள்ளியில் எந்தத் தொகுப்பும் எந்த மொழியும் உள்ளன என்பதை, சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டுடன் வெளியிடப்படும் பள்ளிப் பட்டியலில் பார்த்த பின்னரே விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். ஸ்ரீவராகத்தில் வசிக்கும் மாணவர்களுக்கு மணக்காடு கார்த்திகைத் திருநாள் அரசுப் பெண்கள் பள்ளி, சாலையில் உள்ள அரசுத் தமிழ்ப் பள்ளி, தம்பானூர் எஸ்.எம்.வி. அரசு மாதிரிப் பள்ளி, தைக்காடு அரசு மாதிரி ஆண்கள் பள்ளி, வழுதக்காடு காட்டன்ஹில் அரசுப் பெண்கள் பள்ளி ஆகியவை எட்டும் தொலைவில் உள்ளன. அருகில் இருப்பது மட்டுமே தேர்வுக்கான காரணமாகிவிடக் கூடாது.

ஒற்றைச் சாளர முறை இயங்கும் விதம்

அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தகுதி அடிப்படையிலான இடங்கள், 'ஏகஜாலகம்' என்று மலையாளத்தில் வழங்கப்படும் ஒற்றைச் சாளர இணையவழி முறையில் நிரப்பப்படுகின்றன. ஒரு பள்ளியும் அங்குள்ள ஒரு தொகுப்பும் சேர்ந்தது ஒரு விருப்பம். ஒரே பள்ளியின் இரு தொகுப்புகள் இரு விருப்பங்களாகக் கணக்கிடப்படும்.

எஸ்எஸ்எல்சி தரங்களிலிருந்து கணக்கிடப்படும் எடையிட்ட தரப்புள்ளிச் சராசரியின் அடிப்படையில் தரவரிசை அமைகிறது. கோரும் தொகுப்புடன் தொடர்புடைய பாடங்களுக்குக் கூடுதல் எடை வழங்கப்படுவதால், ஒரே மாணவரின் தரவரிசை தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். படித்த பள்ளியிலேயே மேல்நிலைக் கல்வியைத் தொடர விண்ணப்பிப்பவர்களுக்கும், பள்ளி அமைந்துள்ள உள்ளாட்சிப் பகுதியிலும் வட்டத்திலும் வசிப்பவர்களுக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சியில் தேறியவர்களுக்குப் புள்ளி குறைக்கப்படும்.

முதலில் சோதனை ஒதுக்கீடு வெளியாகும். இது சேர்க்கைக்கான உத்தரவு அல்ல. விண்ணப்பத்தில் உள்ள பிழைகளைத் திருத்தவும், விருப்ப வரிசையை மாற்றவும் அளிக்கப்படும் வாய்ப்பு. அதன் பிறகு முதன்மை ஒதுக்கீடுகளும் துணை ஒதுக்கீடுகளும் நடைபெறும். இந்தக் கட்டத்தில் மூன்று விதிகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவதாக, முதல் விருப்பமே கிடைத்தவர் கட்டணம் செலுத்தி நிரந்தரச் சேர்க்கை பெற வேண்டும். இரண்டாவதாக, கீழ்நிலை விருப்பம் கிடைத்தவர் தற்காலிகச் சேர்க்கை பெற்று, மேல் விருப்பங்களுக்காகக் காத்திருக்கலாம். ஆனால் மேல் விருப்பம் கிடைத்தவுடன் பழைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். கிடைத்த இடமே போதும் என்று கருதினால், மேல் விருப்பங்களை ரத்து செய்து நிரந்தரச் சேர்க்கை பெற்றுக்கொள்ளலாம். மூன்றாவதாக, ஒதுக்கீடு கிடைத்தும் குறித்த நாளுக்குள் சேராதவர் அடுத்தடுத்த ஒதுக்கீடுகளுக்குப் பரிசீலிக்கப்பட மாட்டார். உண்மையில் பயில விரும்பாத தொகுப்பைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்ப்பது ஆபத்தாக முடிவது இதனால்தான்.

துணை ஒதுக்கீடுகளுக்குப் பின்னர், காலியிடங்களைப் பொறுத்துப் பள்ளி மாற்றத்துக்கும் தொகுப்பு மாற்றத்துக்கும் வாய்ப்பு அளிக்கப்படும். அது உறுதியான வாய்ப்பல்ல என்பதால், அதை நம்பி முதல் தேர்வைச் செய்வது பொருத்தமாகாது.

மதிப்பெண்ணின் மறுபயன்

பிளஸ் டூ மதிப்பெண் தேர்ச்சிக்கு மட்டும் உரியதன்று. கீம் பொறியியல் தரவரிசையில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும், பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களும் சம அளவில் கணக்கில் கொள்ளப்படுகின்றன. இந்த மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறை கடைசி நேரத்தில் மாற்றப்பட்டதால், 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தரவரிசைப் பட்டியலை ரத்து செய்ததும், பழைய முறையில் புதிய பட்டியல் வெளியிடப்பட்டதும் நினைவிருக்கலாம். நீட் தேர்வு எழுதும் பொதுப் பிரிவினர் இயற்பியல், வேதியியல், உயிரியலில் கூட்டாக 50 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 40 சதவீதம்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வும் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களின் அடிப்படையிலேயே நடைபெறுகிறது. எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டுக்கு வெளியே பயின்றவர்கள் அதில் தமிழ்நாட்டினராகப் பங்கேற்க இருப்பிடச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பதைக் கேரளத் தமிழ்க் குடும்பங்கள் முன்கூட்டியே கவனத்தில் கொள்வது நல்லது.

விண்ணப்பிக்கும் முன்

மாணவர் விரும்பும் பட்டப்படிப்புகள் இரண்டு அல்லது மூன்றைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்குக் கட்டாயமான பாடங்களை முதலில் அறிய வேண்டும். அந்தப் பாடங்கள் அனைத்தும் உள்ள தொகுப்பை அடுத்து அடையாளம் காண வேண்டும். அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதத்தை மாணவரால் எட்ட முடியுமா என்பதை, தரப் பட்டியலைக் கொண்டு அல்லாமல், பத்தாம் வகுப்பு எழுத்துத் தேர்வின் திறனைக் கொண்டு மதிப்பிட வேண்டும். இறுதியாகவே பள்ளியைத் தேர்வு செய்ய வேண்டும். பொதுவாக இந்த வரிசை தலைகீழாக, பள்ளியில் தொடங்குவதே சிக்கலுக்குக் காரணமாகிறது.

வழக்கமான தொகுப்புகள் ஒத்துவராதவர்களுக்குத் தொழிற்கல்வி மேல்நிலைப் பிரிவு உள்ளது. அதில் தேறியவர்களும் உயர்கல்விக்குத் தகுதியானவர்களே. பள்ளியில் இடம் கிடைக்காதவர்கள், பூஜப்புரை வித்யா பவனில் தலைமையகம் கொண்ட 'ஸ்கோல் கேரளா' திறந்தநிலைக் கல்வி அமைப்பில் பதிவு செய்து இதே பிளஸ் டூ தேர்வை எழுதலாம்.