காத்திருப்பதா, களமிறங்குவதா?

1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் போன பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். அதே தேதியிட்ட ஓர் அறிக்கையில், எட்டு வெள்ளையர் மதகுருக்கள் கறுப்பின மக்களுக்கு உபதேசித்தது: பொறுமை.

பைபிளில் பொறுமைக்கும் இடமுண்டு, வேகத்துக்கும் இடமுண்டு. யாத்திராகமம் 14-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலருக்கு முன்னால் கடல், பின்னால் எகிப்தியப் படை. சும்மா நில்லுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மக்களைத் தேற்றுகிறார் மோசே. அடுத்த வசனத்திலேயே கடவுளிடமிருந்து அதட்டல் வருகிறது: முறையிட்டது போதும், ஜனங்களை நடக்கச் சொல்.

நெகேமியா இன்னும் காரியவாதி. எருசலேம் மதில் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு அழுதார், உபவாசமிருந்தார். பாரசீக மன்னரிடம் வாய் திறக்க சுமார் நான்கு மாதம் காத்திருந்தார். பிறகு 52 நாளில் மதில் எழும்பிவிட்டது. எதிரிகள் மிரட்டியபோது ஜெபமும் செய்தார், இரவு பகலாகக் காவலும் போட்டார். அவருடைய காத்திருப்பில் ஒரு திட்டம் இருந்தது.

பர்மிங்காம் மதகுருக்கள் கேட்ட பொறுமைக்குக் கெடு எதுவும் இல்லை. 340 ஆண்டுகளுக்கு மேல் பொறுத்தாயிற்று என்று சிறையிலிருந்தே பதில் எழுதினார் கிங். 1964 ஜூலை 2-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது.

தான் காத்திருப்பது விசுவாசம். அடி வாங்குகிறவனைக் காத்திருக்கச் சொல்வது பல சமயம் சொல்கிறவரின் சௌகரியம்.