பழுதுக்கு முந்தைய நாளுக்கு

கணினி பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு ஒன்று உண்டு: "ஃபார்மட் அடிச்சுடலாம் சார்." பிரிண்டருக்கு டிரைவர் போட்டதும் திரை கருத்துப்போனாலும் அதுதான், அப்டேட் முடிந்தபின் சத்தம் வராமல் போனாலும் அதுதான். ஃபார்மட் செய்தால் கணினி ஓடும் என்பது உண்மை. ஆனால் சி டிரைவில், டெஸ்க்டாப்பில் கிடந்த பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு, ஊர்த் திருவிழாப் படங்கள் எல்லாம் அதோடு போய்விடும். இத்தனைக்கும் பல நேரங்களில், பழுது வருவதற்கு முந்தைய நிலை அதே கணினிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். அதை எடுத்து மீண்டும் பொருத்தித் தரும் வசதிக்குப் பெயர் சிஸ்டம் ரீஸ்டோர். 2000 செப்டம்பரில் வந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் தொடங்கி இன்றைய விண்டோஸ் 11 வரை அது கூடவே வருகிறது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நன்றாக ஓடிய கணினி ஏன் திடீரென்று படுத்துக்கொள்கிறது? விண்டோஸில் எல்லா மென்பொருள்களும் சில பொது இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் முதன்மையானது ரெஜிஸ்ட்ரி. எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர், தொடங்கும்போது எவையெல்லாம் ஓட வேண்டும், யார் யார் பயனர்கள் என்ற விவரமெல்லாம் அங்கேதான் பதிந்திருக்கும். புதிதாக நிறுவும் ஒவ்வொரு மென்பொருளும் அதில் கை வைக்கிறது. டிரைவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. அவற்றில் பல இயங்குதளத்தின் கருவறையிலேயே ஓடுவதால், அங்கே நேரும் ஒரு பிழை முழுக் கணினியையும் நிறுத்திவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. நீக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சிறு கோப்பு.

இந்த ஆபத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். விண்டோஸ் 98 நாள்தோறும் ரெஜிஸ்ட்ரியை ஒருமுறை நகலெடுத்து, கடைசி ஐந்து நகல்களை வைத்துக்கொள்ளும். ஆனால் ரெஜிஸ்ட்ரி மட்டும் பழைய நிலைக்குப் போய், அது சுட்டும் கோப்புகள் புதியவையாகவே இருந்தால் குழப்பம் தீராது. மில்லேனியம் பதிப்பு கோப்புகளையும் சேர்த்துக்கொண்டது. இன்னின்ன வகைக் கோப்புகள் கணினி இயங்க அவசியம் என்று ஒரு பட்டியல் வைத்து, அவற்றை யாராவது மாற்றவோ அழிக்கவோ வந்தால் முதலில் ஒரு நகலை ஒதுக்கி வைத்தது. அந்த முதல் முயற்சியில் தேதி பதிவதில் ஒரு குறை இருந்தது. 2001 செப்டம்பர் 8-க்குப் பிறகு எடுத்த பதிவுகளை அதனால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம் என்பதால், தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு வந்த எக்ஸ்பி-யில்தான் இந்த வசதி நம்பிக்கையாக நிலைபெற்றது.

எக்ஸ்பி-க்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அடியோடு ஒரு மாற்றம் வந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோப்பு கோப்பாகக் காவல் காப்பதை விட்டுவிட்டு, டிரைவ் முழுவதையும் ஒரே நொடியில் உறைய வைத்ததுபோல் பதிவுசெய்யும் ஷேடோ காப்பி என்ற முறைக்கு சிஸ்டம் ரீஸ்டோர் மாறியது. 500 ஜிபி டிரைவை நகலெடுக்க மணிக்கணக்காகும், இன்னொரு 500 ஜிபி இடமும் வேண்டும். ரீஸ்டோர் பாயிண்ட் எனப்படும் இந்தப் பதிவு மட்டும் எப்படிச் சில நொடிகளில், சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது?

அந்த நேரத்தில் அது கோப்பு எதையும் நகலெடுப்பதில்லை என்பதுதான் விடை. வகுப்பறைக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை நிறைய பாடம் இருக்கிறது. முழுவதையும் நோட்டில் எழுதாமல் ஒரு மாணவி காத்திருக்கிறாள். ஆசிரியர் ஒரு மூலையை அழிக்கப் போகும்போது அந்த மூலையில் இருப்பதை மட்டும் எழுதிக்கொள்கிறாள். பிறகு எப்போது கேட்டாலும், அழியாமல் இருப்பதைப் பலகையிலிருந்தும் அழிந்ததை நோட்டிலிருந்தும் சேர்த்துப் படித்தால் பழைய பாடம் முழுசாகக் கிடைத்துவிடும். விண்டோஸும் டிரைவை 16 கேபி அளவுள்ள துண்டுகளாகப் பார்க்கிறது. ரீஸ்டோர் பாயிண்ட் வைத்த பிறகு ஒரு துண்டின் மேல் முதன்முறையாகப் புதிதாக எழுத நேரும்போது, அதில் இருந்த பழையதை வேறோர் இடத்தில் சேமித்துவிட்டுத்தான் எழுத விடுகிறது. அதே துண்டு பிறகு நூறு முறை மாறினாலும் மீண்டும் சேமிக்க வேண்டியதில்லை. மாறாத துண்டுகளுக்குச் செலவே இல்லை.

பதிவெடுக்கும் அந்தக் கணத்தில் ஏதோ ஒரு மென்பொருள் பாதி எழுதிய நிலையில் இருந்தால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. ஷேடோ காப்பிச் சேவையோடு ஒத்துழைக்கும்படி எழுதப்பட்ட மென்பொருள்களிடம் "கையிலிருப்பதை எழுதி முடித்துவிட்டுச் சற்று நில்லுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லப்படும். டிரைவில் எழுதுவதை நிறுத்திவைக்க அதிகபட்சம் பத்து நொடிதான் அனுமதி. அதற்குள் பதிவு முடியாவிட்டால் அந்த முயற்சியே கைவிடப்படும். பயனர் இதில் எதையும் உணர்வதில்லை.

சேமிப்பிடத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது நிரம்பும்போது மிகப் பழைய பதிவு முதலில் போகும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு முந்தைய நிலையைத் தேடினால் கிடைக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு பதிவின் ஆயுள் அதிகபட்சம் 60 நாள்.

திரும்பிப் போகும்போது எவை மாறும், எவை மாறாது என்பதில்தான் பலருக்கும் பயம். ஷேடோ காப்பிக்குள் டிரைவ் முழுவதும் இருந்தாலும், சிஸ்டம் ரீஸ்டோர் அதிலிருந்து எடுப்பது ரெஜிஸ்ட்ரியையும் கணினி இயங்கத் தேவையான கோப்புகளையும் மட்டுமே. உங்கள் கடிதங்கள், படங்கள், எக்செல் கணக்குகள் பக்கம் அது போவதில்லை. செவ்வாய்க்கிழமைப் பதிவுக்கு வெள்ளிக்கிழமை திரும்பினாலும், வியாழன் இரவு தட்டச்சு செய்த கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அதைத் தட்டச்சு செய்வதற்காக 'அழகி' மென்பொருளைப் புதன்கிழமைதான் நிறுவியிருந்தீர்கள் என்றால், அதை மறுபடி நிறுவ வேண்டும். எந்தெந்த மென்பொருள்களும் டிரைவர்களும் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும் பொத்தான் அந்தச் சாளரத்திலேயே உண்டு. மனிதர் உழைப்பையும் இயந்திரத்தின் அமைப்பையும் இப்படிப் பிரித்துப் பார்த்தது மிக நல்ல முடிவு என்பேன். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: தவறுதலாக அழித்த கல்யாணப் படத்தை இந்த வசதி மீட்டுத் தராது.

இனி, இதை உங்கள் கணினியில் சரிபார்த்துக்கொள்ளும் விதம். விண்டோஸ் 10, 11 கணினிகள் பலவற்றில் இந்த வசதி அணைந்தே இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டோர் பாயிண்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் சிஸ்டம் புரொடெக்‌ஷன் என்ற பக்கம் திறக்கும். அதில் சி டிரைவுக்கு நேரே 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 'கான்ஃபிகர்' வழியே போட்டுவிட்டு, சில ஜிபி இடம் ஒதுக்கிவிடுங்கள். புது டிரைவரோ பெரிய மென்பொருளோ போடும் முன்பு அதே பக்கத்தில் 'கிரியேட்' அழுத்தி, நாளைக்குப் பார்த்தாலும் புரியும்படி ஒரு பெயர் கொடுத்துப் பதிவெடுக்கலாம்.

விண்டோஸே திறக்கவில்லை என்றாலும் வழி அடைபடவில்லை. தொடங்கும் முயற்சி அடுத்தடுத்துத் தோற்றால் கணினி தானாகவே பழுதுநீக்கும் திரைக்கு வரும். அங்கே 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும். டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம், அதைக் கையில் வைத்திருங்கள். வழக்கமான விண்டோஸிலிருந்து ரீஸ்டோர் செய்தால், தொடங்கும் முன் இப்போதைய நிலையையும் அது பதிந்துகொள்ளும். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். சேஃப் மோடிலிருந்து செய்தால் அந்த வசதி கிடையாது. ஓடத் தொடங்கியபின் நடுவில் மின்சாரம் போகக் கூடாது. மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

சிஸ்டம் ரீஸ்டோரை பேக்கப் என்று நம்பிவிடுவது பெரிய ஆபத்து. பதிவுகள் இருப்பது அதே டிரைவில்தான். டிரைவ் செத்தால் அவையும் சாகும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர்களுக்கும் இந்தச் சேமிப்பிடம் நன்றாகத் தெரியும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டியதோடு ஷேடோ காப்பிகளையும் அழிக்கக் கட்டளையிட்டது. படங்களுக்கும் கணக்குகளுக்கும் வெளியே கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ரீஸ்டோர் முடிந்து கணினி பழையபடி ஓடத் தொடங்கியதும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பழுதுக்குக் காரணம் விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்த டிரைவர் என்றால், அந்த அப்டேட் அதே டிரைவரை மீண்டும் இறக்கிப் பொருத்தப் பார்க்கும். இணையத்தில் நெடுநேரம் இருக்கும் முன்பே செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில நாள்களுக்கு நிறுத்திவையுங்கள். அந்தச் சாதனத்தைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் திருத்திய டிரைவர் வந்திருக்கிறதா என்று பார்த்து நிறுவிய பிறகு, அப்டேட்டை மறுபடி திறந்துவிடலாம்.