கம்பத்தின் உச்சியில் பீங்கான் கிண்ணம்

கவிழ்த்த கிண்ணம் போன்ற இந்தப் பீங்கான், தந்திக் கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவே இருந்தது. மழை பெய்தாலும் இதன் உட்குழிவு எளிதில் நனையாது. மின்னோட்டம் இரும்புக் கம்பம் வழியே மண்ணுக்குக் கசியாது. விரிசல் விட்டால் லைன்மேன் கம்பம் ஏறி மாற்றுவார், கம்பியில் உரசும் கிளைகளையும் வெட்டுவார். இந்தக் கம்பிகளில் சென்ற தொலைபேசிக் குரல் தெளிவாகக் கேட்டதற்கு லைன்மேன்களின் உழைப்பும் ஒரு காரணம்.

வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்து காத்திருந்த காலம் அது. 1960இல் கான்பூர்–லக்னோ இடையே எஸ்டிடி என்ற நேரடி வெளியூர் அழைப்பு வசதி வந்தும், கிராமங்கள் நெடுநாள் காத்திருந்தன.

1986இல் கர்நாடகத்தின் கித்தூரில், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய ஊரகத் தானியங்கித் தொலைபேசி நிலையம் இயங்கத் தொடங்கியது. குளிர்சாதன அறையே தேவைப்படாத இந்திய வடிவமைப்பு! ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மகாராஜபுரம் போன்ற மலையடிவார ஊர்களின் வெயிலுக்கு ஏற்ற கருவி அதுதான்.