மழை வேண்டும், மழை வேண்டாம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



புரட்டாசி மாதத்தில் ஒருநாள் வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா பயர் ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். "சாமி, தீபாவளி வரைக்கும் மழை வரக்கூடாதுன்னு செபிங்க" என்றார். பின்னால் நின்ற கணவர், "மானாவாரியில உளுந்து வெதச்சிருக்கேன் சாமி, மழைக்கும் சேர்த்துச் செபிச்சிருங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்குத்தான் எந்தப் பக்கம் செபிப்பது என்று தெரியவில்லை. ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தேன்.

2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலை வெளியிட்டார். அதே ஆண்டில், செப்டம்பர் 1-ஆம் நாளைப் படைப்பைப் பேணுவதற்காகச் செபிக்கும் நாளாகவும் ஏற்படுத்தினார். அன்று தொடங்கி, அசிசி நகர் புனித பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். இந்நாள்களில் குடும்பங்களை மலையடிவாரத்துக்கோ ஆற்றங்கரைக்கோ ஒருநாள் தியானத்துக்கு அழைத்துப் போகும் பங்குகள் உண்டு. நல்ல காரியம். ஆனால் சிவகாசி, சாத்தூர் பக்கம் செப்டம்பரில் யாரைக் கூப்பிடுவது? தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் மாதம் அது. ஞாயிறு பூசைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு.

நம் மக்கள் இயற்கையை மறந்தவர்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. விடிந்ததும் வானத்தைப் பார்ப்பவர்கள் அவர்கள். இந்தக் கரிசல் காட்டு வெயிலையும் வறட்சியையும் நம்பித்தான் பட்டாசுத் தொழிலே இங்கு வேரூன்றியது. மேகம் கறுத்தால் மருந்து காயாது. இடி மின்னல் வந்தால் வேலையை நிறுத்தியாக வேண்டும். குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேலை நின்றால் அன்றைய அடுப்பும் யோசிக்கும். ஆகவே வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், ஆனால் கடன்காரன் வருகிறானா என்று பார்ப்பதுபோலப் பார்க்கிறோம்.

விடுதலைப் பயண நூலில் ஓய்வுநாள் கட்டளை யாருக்குத் தரப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். எகிப்தில் நாளொன்றுக்கு இத்தனை செங்கல் என்று கணக்கு ஒப்படைத்தவர்களுக்கு! அந்தக் கட்டளை வேலைக்காரரையும், அந்நியரையும், கால்நடைகளையும்கூட விட்டுவிடவில்லை. லேவியர் நூல் 25-ஆம் அதிகாரமோ, ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. வானத்துப் பறவைகளைப் பாருங்கள் என்று ஆண்டவர் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அன்றாடங்காய்ச்சிகள்தாம். இயற்கைத் தியானம் என்பதன் வேர் இங்கே இருக்கிறது. கணக்கை ஒருநாள் கீழே வைப்பதுதான் அது. சுற்றுலா வேறு.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இதைச் சொன்னதும் நம் இளைஞர் ஒருவர், "எல்லா ஊரும் அப்படிச் செஞ்சா நமக்குச் சோறு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் நம் தொழிலை எதிர்த்து அப்படிச் செய்யவில்லை. விருந்தாளி வந்திருக்கும் வீட்டில் சத்தத்தைக் குறைப்பதுபோல, தங்கள் பண்டிகையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நமக்கும் அப்படியொரு காலம் இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். அதனால் செப்டம்பரை விட்டுவிட்டு, கடந்த ஆண்டு தீபாவளிக்குப் பிறகு நம் அன்பியக் குடும்பங்கள் சிலவற்றை இருக்கன்குடிக்கு அழைத்துப் போனோம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடம். 'இரு கங்கைக் குடி'தான் இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். ஆடி மாதத்தில் நம் இந்துச் சகோதரர்கள் மாரியம்மன் கோயிலுக்குச் சாரை சாரையாக நடந்து வரும் அதே ஊர்.

மைக் கொண்டுபோகவில்லை. செல்போன்களை ஒரு பையில் போட்டு வேனிலேயே வைத்தோம். நானும் பிரசங்கம் வைக்கவில்லை (பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோஷம்). முதல் ஒரு மணி நேரம் குடும்பம் குடும்பமாகக் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது. பிறகு தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து, கண்ணில் படும் செடி, புல், பறவை ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வது. ஒரு தாத்தாவுக்கு முப்பது பெயருக்கு மேல் வந்தது. அவர் பேரனுக்குச் சீமைக்கருவேலத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு முன் செபம், சாப்பிட்ட இடத்தைப் பெருக்கி எடுத்துவருவது. அவ்வளவுதான்.

ஒரு தியானம் கூலிப் பிரச்சினையைத் தீர்த்துவிடாது. மழை நாளுக்கும் தொழிலாளிக்கு ஒரு கூலி வேண்டும் என்பதை நாம் தனியே கேட்டாக வேண்டும். இதைக் காட்டி அதை மறக்கக் கூடாது.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. நான் வேனுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அந்த உளுந்துக்காரர், வானத்தைப் பார்த்து, "இது காட்டுக்குப் பத்துமா?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பிள்ளைகளோடு நனைந்தபடி நின்று, என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இந்த மழைக்குக் கூலி போகாது சாமி, இறங்கி வாங்க!"